செவ்வாயின் வானத்தை யார் படமெடுத்தது?

(நம் சமூகக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியது. காலாண்டு இதழுக்கு வேண்டும் என்று செயலாளர் கேட்டதால், பேச்சை அப்படியே எழுதித் தந்திருக்கிறேன்.)



தண்ணீர் லாரி, லிப்ட் பராமரிப்பு, பார்க்கிங் தகராறு, இந்த மூன்றையும் விட்டு வேறு எதைப் பேசினாலும் இந்தக் கூடத்தில் ஆள் சேராது என்று செயலாளர் சார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போக வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நன்றி.

நான் விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. தவறான பதிவு போட்டுவிட்டால் அதை அழிக்கக் கூடாது, மேலே வெள்ளை மை பூசக் கூடாது. எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரி செய்ய வேண்டும். ரிவர்சல் என்ட்ரி என்போம். இன்றைக்கு இந்தக் கூடத்தில் நான் போட வந்திருப்பது அப்படி ஒரு எதிர்ப்பதிவு.

கோடை விடுமுறையில் இதே இடத்தில் புரொஜெக்டர் வைத்துப் பிள்ளைகளுக்குச் செவ்வாய்க் கிரகத்தைக் காட்டினேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும், அன்றைக்குப் போண்டா நன்றாக இருந்தது. என் மகள் அனுப்பிய இணைப்பைத் திறந்தேன். மவுஸைப் பிடித்து இழுத்தால் செவ்வாயின் நிலம் நம்மைச் சுற்றிச் சுழன்றது. கீழே இழுத்தால் ரோவர் வண்டியின் சக்கரம், மேலே இழுத்தால் வானம். பிள்ளைகள் ஒரே கூச்சல். நான் உற்சாகத்தில், "செவ்வாயில் நீங்கள் போய் நின்றால் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது மாடியில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "தாத்தா, அண்ணாந்து பார்த்தா வானம் முழுக்க ஒரே மாதிரி வழவழன்னு இருக்கே, அதையும் ரோவர்தான் படம் எடுத்துச்சா?"

"ஆமாம்மா" என்றேன்.

தெரிந்து சொல்லவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். அன்றிரவு அந்தப் படத்தின் கீழே இருந்த குறிப்பைப் பொறுமையாகப் படித்தேன். படத்தை உருவாக்கியவர் ஒளிவு மறைவில்லாமல் எழுதி வைத்திருந்தார். அடிவானத்துக்கு மேலே ஒரு சிறு பட்டைதான் உண்மையான படம். அதற்கு மேல் உள்ள வானமெல்லாம் அவரே நிறம் இழுத்து நிரப்பியது. தவறு அவருடையது இல்லை, படிக்காமல் பேசிய என்னுடையது.

சரி, சின்ன விஷயம், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பள்ளி திறந்து மூன்றாவது வாரம் லிப்டில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். கையில் சுருட்டிய சார்ட். விரித்துக் காட்டினார். அழகான வர்ணம். கீழே கோணல் எழுத்தில், "இந்த வானத்தை ரோவர் படம் எடுத்தது" என்று எழுதியிருந்தது. வகுப்பில் பாராட்டுக் கிடைத்ததாம். நான் போட்ட தவறான பதிவு அடுத்த கிளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் செயலாளரிடம் போய் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

முதலில், இந்தச் சுற்றுக்காட்சி எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். நம் கைபேசியில் பனோரமா எடுக்கிறோமே, ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது. ரோவர் அப்படி எடுப்பதில்லை. கியூரியாசிட்டி என்ற ரோவர் 2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கியது. அதன் கம்பத்தின் உச்சியில் இரண்டு வண்ணக் கேமராக்கள் இருக்கின்றன. ஒன்றில் 34 மில்லிமீட்டர் லென்ஸ், இன்னொன்றில் 100 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் லென்ஸ் வழியாகத் தெரிவது மிகக் குறுகிய ஜன்னல். ஒரு முழுச் சுற்று வருவதற்கே ஐம்பது அறுபது படங்களாவது வேண்டும், அதுவும் ஒரு வரிசைக்கு. அப்படிப் பல வரிசை எடுத்து, ஓரத்தோடு ஓரம் படிய வைத்து, கம்ப்யூட்டரில் தைக்க வேண்டும். கிழிந்த ரூபாய் நோட்டை ஒட்டுகிற மாதிரி, நம்பர் நம்பரோடு சேர வேண்டும்.

2019 நவம்பர் 24 முதல் டிசம்பர் 1 வரை கியூரியாசிட்டி ஒரே இடத்தில் நின்றது. அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை. வண்டியை ஓட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த ஓய்வில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. சேர்த்துத் தைத்தபோது 180 கோடி படப்புள்ளிகள் கொண்ட ஒரே படம் கிடைத்தது. எடுக்க ஆன நேரம் ஆறரை மணிக்கு மேல், நான்கு நாட்களாகப் பிரித்து. வெளிச்சமும் நிழலும் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதற்காக, செவ்வாயின் கடிகாரப்படி பகல் 12 மணியிலிருந்து 2 மணிக்குள் மட்டும் எடுக்க வைத்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் நீங்கள் இடது பக்கம் பார்ப்பது ஒரு நாளின் மதியம், வலது பக்கம் திரும்பினால் வேறொரு நாளின் மதியம். படத்தில் தெரிகிற அந்த ஒரு கணம் செவ்வாயில் நிகழவே இல்லை. இதையும் மிஞ்சியது ஒன்று உண்டு. 2006-ல் ஸ்பிரிட் ரோவர் குளிர்காலத்தைக் கழிக்க ஓரிடத்தில் ஒதுங்கி நின்றபோது, ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நான்கு மாதமாக 1,449 படங்கள் எடுத்து ஒரு பனோரமா சேர்த்தது. நான்கு மாதத்துக் கணக்கை ஒரே நாள் தேதியிட்டு எழுதின மாதிரி. நம் வீட்டுக் குழுப் புகைப்படத்தில் நான்கு மாதம் தவறாமல் சிரித்துக்கொண்டே நிற்க முடியுமா? பாறைகள் நிற்கின்றன.

ரோவர் சரிவில் நின்றிருந்தால் இன்னொரு சங்கடம். அப்படியே தைத்தால் அடிவானம் அலை மாதிரி ஏறி இறங்கும். பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். அதனால் நேராக்குவார்கள். இதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. படம் என்று ஒன்று வேண்டுமானால் இவ்வளவும் செய்தாக வேண்டும்.

இப்போது வானத்துக்கு வருகிறேன். ரோவர் ஏன் வானம் முழுவதையும் எடுப்பதில்லை? காரணம் கஞ்சத்தனம்தான், நல்ல அர்த்தத்தில். எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் மின்சாரம் வேண்டும், நேரம் வேண்டும். எடுத்ததைச் செவ்வாயைச் சுற்றி வரும் விண்கலங்கள் வழியாகப் பூமிக்கு அனுப்ப வேண்டும், அதற்கும் அளவு உண்டு. பாறையில் செய்தி இருக்கிறது. தலைக்கு மேலே உள்ள தூசி படிந்த வெற்று வானத்தில் சதுரம் சதுரமாக நூறு படம் எடுத்தால், நூறும் ஒன்று போலத்தான் இருக்கும். மேகம் பார்க்கவும், காற்றில் தூசி எவ்வளவு என்று அளக்கவும் அவ்வப்போது மேலே பார்க்கும். முழுக் கூரையையும் எடுப்பது அதன் வேலை இல்லை.

ஆனால் கணினித் திரையிலோ, கண்ணில் மாட்டிக்கொள்ளும் அந்த வி.ஆர். கண்ணாடியிலோ சுற்றுக்காட்சியைத் திறக்கிறவர் அண்ணாந்துதான் பார்ப்பார். மேலே கருப்பாக ஒரு பெரிய ஓட்டை இருந்தால்? மனதில் உண்டாகிய செவ்வாய் அந்த நொடியே கலைந்துவிடும். அதனால் நிரப்புகிறார்கள். அடிவானத்தில் உள்ள நிறத்தை எடுத்து மேலே இழுத்துத் தடவுகிறார்கள். நம் பெண் பார்த்த அந்த வழவழப்பு இதுதான். பார்த்தீர்களா, குழந்தையின் கண்ணுக்குத் தெரிந்தது, வருஷக்கணக்கில் கையெழுத்துச் சரிபார்த்த எனக்குத் தெரியவில்லை.

எந்த நிறத்தை நிரப்புவது? இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1976 ஜூலை 20-ல் வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. மறுநாள் முதல் வண்ணப் படம் வந்தது. அவசரத்தில் நிறங்களைச் சரிக்கட்டி வெளியிட்டார்கள். படத்தில் வானம் நீலமாக இருந்தது, நம் வானம் போலவே. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு விண்கலத்தின் மேலேயே ஒட்டியிருந்த நிற அட்டையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. வானம் நீலம் இல்லை, இளஞ்சிவப்பு கலந்த மங்கல் நிறம். ஜேம்ஸ் பொல்லாக் என்ற விஞ்ஞானி செய்தியாளர்கள் முன்னால் அதை அறிவித்தபோது, கூடியிருந்தவர்கள் கேலியாகக் கூச்சலிட்டார்கள் என்று கார்ல் சேகன் எழுதியிருக்கிறார். மனிதர்களுக்கு நீல வானம் வேண்டியிருந்தது. அதைப் பிடுங்கியவர் மேல் கோபம்.

இந்த நிகழ்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று, நேற்று கொடுத்த படம் தப்பு என்று சொன்னாரே, அதற்காக.

செவ்வாயின் காற்று மிக மெல்லியது. அதில் எப்போதும் இரும்புத் துரு கலந்த நுண்ணிய தூசி மிதக்கிறது. அது நீல ஒளியை விழுங்கிவிட்டுச் செம்மஞ்சளைச் சிதறடிக்கிறது. பகலில் வானம் வெண்ணெய் உருகிச் சிவந்த மாதிரி ஒரு நிறம். வேடிக்கை என்னவென்றால், மாலையில் சூரியன் இறங்கும்போது சூரியனைச் சுற்றி மட்டும் நீலம் படரும். அந்தத் தூசித் துகள்களின் அளவு, நீல ஒளியை அதிகம் சிதறவிடாமல் சூரியன் இருக்கும் திசையிலேயே முன்னோக்கிச் செலுத்துகிறது. நமக்குப் பகல் நீலம், அந்தி சிவப்பு. அங்கே தலைகீழ். 2015 ஏப்ரல் 15-ல் கியூரியாசிட்டி எடுத்த வண்ணப் படத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். இன்று கடைசியில் காட்டுகிறேன்.

அப்படியானால் ஒரே நிறத்தில் மேலே இழுத்துத் தடவிய வானம் ஏன் உண்மையாக இருக்க முடியாது என்பது புரியும். வானத்தின் நிறம் சூரியனுக்குப் பக்கத்தில் ஒன்று, எதிர்ப்புறம் வேறொன்று.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இங்கேதான் நானே குழம்பினேன். கியூரியாசிட்டியின் ஒரே படத்தை நாசா இரண்டு விதமாக வெளியிடும். ஒன்று, செவ்வாயின் வெளிச்சத்தில் கேமரா கண்டபடி, எல்லாம் காவி படிந்தது போல. இன்னொன்றில் பாறைகள் சாம்பல், கருப்பு, பழுப்பு என்று பளிச்சென்று பிரிந்து தெரியும், வானம் கூட நீலம் பாய்ந்த மாதிரி இருக்கும். முதல் முறை இரண்டாவதைப் பார்த்தபோது, கூட்டம் சேர்க்கத்தான் மெருகு போடுகிறார்கள் என்று நினைத்தேன். அது தவறான சந்தேகம்.

புடவைக் கடையில் பெண்கள் என்ன செய்வார்கள்? டியூப் லைட்டில் பார்த்த புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். நிஜ நிறம் என்ன என்று அப்போதுதான் தெரியும். இரண்டாவது படம் அந்தக் காரியத்தைத்தான் செய்கிறது. புவியியல் படித்தவர்கள் பூமியின் வெயிலில் பாறை பார்த்துப் பழகியவர்கள். அந்தச் செவ்வாய்ப் பாறையை நம் வெயிலில் கொண்டுவந்து வைத்தால் எப்படியிருக்கும் என்று கணக்கிட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு அடையாளம் காணச் சுலபம். பாறையைப் பொறுத்தவரை அந்தப் படம் உண்மை. வானத்தைப் பொறுத்தவரை அதே படம் பொய். ஒரே படம்!

சரி, முதல் படம்தான் அசலா? அங்கேயும் சிக்கல். செவ்வாயில் விழும் சூரிய ஒளி பூமியில் விழுவதில் பாதிகூட இல்லை. நம் கண் மங்கலுக்கும் பழகிக்கொள்ளும், காவி வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும். மஞ்சள் பல்பு எரியும் அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் வெள்ளைச் சட்டை வெள்ளையாகத்தானே தெரிகிறது? நீங்கள் அங்கே போய் அரை மணி நேரம் நின்றால் என்ன நிறம் தெரியும் என்பதைக் கேமராவால் அப்படியே சொல்ல முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் "ஏறத்தாழ உண்மை நிறம்" என்று எழுதுகிறார்கள். அந்த "ஏறத்தாழ" எனக்குப் பிடித்த சொல்லாகிவிட்டது. அச்சு அசல் என்று சொன்னவன் இங்கே நான் மட்டும்தான்.

2004-ல் ஒரு ரகளை நடந்தது. ஸ்பிரிட் ரோவரில் ஒரு சின்னச் சூரியக் கடிகாரம் உண்டு. அதன் நான்கு மூலையிலும் நிறச் சில்லுகள், கேமராவின் நிறத்தைச் சரிபார்க்க. எடை போடும் இடத்தில் படிக்கல் மாதிரி. முதலில் வந்த சில வண்ணப் படங்களில் அந்த நீலச் சில்லு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. உடனே, நாசா செவ்வாய்க்குச் சிவப்புச் சாயம் பூசுகிறது என்று இணையத்தில் கிளம்பிவிட்டார்கள். உண்மையில் அந்தக் கேமரா கருப்பு வெள்ளைக் கேமரா. முன்னால் பல வண்ணக் கண்ணாடிகளைச் சுழற்றி, ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்க வேண்டும். விஞ்ஞானிகளுக்குப் பாறையைப் பற்றி அதிகம் சொல்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதனால் சிவப்புக் கண்ணாடிக்குப் பதில் அகச்சிவப்புக் கண்ணாடி வழியாக எடுத்ததை, சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் படத்தைச் சேர்த்திருந்தார்கள். அந்த நீலச் சாயத்துக்கு அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும் குணம். அதனால் சிவந்துவிட்டது. சதி ஒன்றும் இல்லை. ஆனால் படத்தோடு அந்த ஒரு வரி விளக்கம் போயிருந்தால் பாதிச் சந்தேகம் பிறந்தே இருக்காது.

படிக்கல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, வங்கிக்காரன் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கியூரியாசிட்டி கையோடு ஒரு காசு கொண்டு போயிருக்கிறது. 1909-ஆம் வருஷத்து ஒரு சென்ட், ஆபிரகாம் லிங்கன் தலை போட்டது. புவியியல்காரர்கள் பாறையைப் படமெடுக்கும்போது அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயம் வைப்பார்கள். அந்த வழக்கத்துக்கு மரியாதையாக, கேமராவைச் சரிபார்க்கும் பலகையில் அதைப் பதித்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் லிங்கன் முகத்தில் செவ்வாயின் தூசி. செல்லாக் காசு ஆகாமல் அங்கே இன்னும் வேலை செய்கிறது.

இவ்வளவும் நான் நம் பி பிளாக் நண்பர் ஒருவரிடம் நடைப்பயிற்சியின்போது சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சார், பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள். அதில் போய் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள்? அழகாக இருந்ததால்தானே பார்த்தார்கள்? கருப்பு ஓட்டையோடு காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கீழே விளையாடப் போயிருப்பார்கள்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தட்டிக்கழிக்க முடியவில்லை. எனக்கே செவ்வாய் மேல் ஈடுபாடு வந்தது அழகால்தான். அந்தப் படத்தைத் திறந்து, அடிவானத்தில் மலை மங்கலாக நிற்பதைப் பார்த்து, இரவு ஒரு மணி வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். வானம் நிரப்பியதால்தான் நான் அங்கே நிற்கிற மாதிரி இருந்தது. பிக்சல் கணக்கும் பில்டர் எண்ணும் பிறகு வந்தவை.

ஆனால் நம் எல்லோருக்கும் இதில் சொந்த அனுபவம் இருக்கிறதே. இந்தக் குடியிருப்பின் விளம்பரப் புத்தகத்தை யாராவது வைத்திருக்கிறீர்களா? நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீல வானம், வரிசையாகத் தென்னை, நடுவில் நீச்சல் குளம், குளத்தின் ஓரம் யாரென்றே தெரியாத ஒரு குடும்பம் சிரிக்கிறது. பக்கத்து டிரான்ஸ்பார்மர் படத்தில் இல்லை. பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில், "ஓவியரின் கற்பனை" என்று இருக்கிறது. நீச்சல் குளம் இருந்த இடத்தில் இன்று எஸ்.டி.பி. இருப்பதை ஏ பிளாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காற்றே சொல்லும். (சிரிப்பு) நாம் ஏமாந்தது படம் அழகாக இருந்ததால் மட்டும் இல்லை. அந்த வரி அவ்வளவு பொடியாக இருந்ததாலும்தான்.

அழகுக்காக எதையாவது சேர்க்கிறீர்களா, சேருங்கள், ஆனால் பெரிய எழுத்தில் சொல்லிவிட்டுச் சேருங்கள் என்கிறேன். செய்யக்கூடியதுதான். 2021 நவம்பர் 16-ல் கியூரியாசிட்டி தன் கருப்பு வெள்ளைக் கேமராக்களால் ஒரே காட்சியை இரண்டு முறை எடுத்தது, காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை, மாலை நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு இன்னொரு தடவை. பூமியில் உள்ளவர்கள் இரண்டையும் கலந்து, காலை வெளிச்சத்துக்கு நீலம், மாலைக்கு ஆரஞ்சு, இரண்டும் சேரும் இடத்துக்குப் பச்சை என்று நிறம் கொடுத்து, செவ்வாயிலிருந்து வந்த அஞ்சல் அட்டை என்று வெளியிட்டார்கள். அந்த நிறம் எதுவும் அங்கே இல்லை. இது கலைஞர்கள் செய்த கற்பனை என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். நான் பார்த்ததில் மிக அழகான செவ்வாய்ப் படம் அதுதான். அதைப் பார்த்து நான் ஏமாறவும் இல்லை. மேடு பள்ளங்கள் இரண்டு வேளை நிழலிலும் எடுத்துக் காட்டப்படுவதால், வெறும் கருப்பு வெள்ளையில் தெரியாத மடிப்புகள் கூடத் தெரிகின்றன.

நண்பருக்கு இதைச் சொன்னேன். "அது சரி, உங்கள் பிள்ளைகள் அறிவிப்பைப் படிப்பார்களா?" என்றார். நீங்களே படிக்கவில்லையே என்பதைச் சொல்லாமல் சொன்னார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தச் சுற்றுக்காட்சிகளைச் செய்கிறவர்கள் ஒரு பொத்தான் வைக்கலாம் என்று தோன்றுகிறது. அதை அழுத்தினால் நிரப்பிய பகுதி எல்லாம் மறைந்து, ரோவர் எடுத்தது மட்டும் நிற்க வேண்டும். மறுபடி அழுத்தினால் வானம் வரட்டும். ஓட்டையோடும் பார்க்கலாம், கூரையோடும் பார்க்கலாம். என் மகளிடம் கேட்டேன், செய்வது கஷ்டமில்லை என்கிறாள். அவள் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள்.

கடைசியாக ஒரு படம். இன்று நான் பேச ஒத்துக்கொண்டதே இதைக் காட்டத்தான்.

ஆப்பர்ச்சூனிட்டி என்று ஒரு ரோவர். 2004 ஜனவரியில் இறங்கியது. 90 செவ்வாய் நாட்கள் ஓடினால் போதும் என்று அனுப்பினார்கள். பதினான்கு வருஷத்துக்கு மேல் ஓடியது. நம்மில் சிலரைப் போல ஓய்வு வயது தாண்டியும் வேலை பார்த்தது. 2018 மே 13 முதல் ஜூன் 10 வரை, 29 நாட்களில், ஒரு பள்ளத்தாக்கில் நின்று 354 படங்கள் எடுத்தது. ஸ்பிரிட்டில் இருந்த அதே மாதிரிக் கேமராதான். ஒவ்வொரு இடத்தையும் மூன்று கண்ணாடி வழியாக மூன்று முறை எடுத்தால்தான் வண்ணம் வரும். எடுத்துக்கொண்டிருக்கும்போதே செவ்வாய் முழுவதையும் மூடும் தூசிப் புயல் வந்துவிட்டது. சூரியத் தகட்டில் ஓடும் வண்டி. வெளிச்சம் போனது, மின்சாரம் போனது. ஜூன் 10-க்குப் பிறகு அதனிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. எட்டு மாதம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2019 பிப்ரவரியில் பணி முடிந்தது என்று அறிவித்தார்கள்.

அந்தக் கடைசிப் பனோரமாவைப் பிறகு சேர்த்து வெளியிட்டார்கள். பழுப்பும் காவியுமாக விரிந்த நிலம். ஆனால் கீழே இடது மூலையில் சில சதுரங்கள் மட்டும் கருப்பு வெள்ளை. அந்த இடங்களைப் பச்சை, ஊதாக் கண்ணாடி வழியாக எடுப்பதற்குள் புயல் வந்துவிட்டது. பக்கத்துச் சதுரத்தின் நிறத்தை எடுத்துத் தடவுவது எவ்வளவு நேரத்து வேலை? அரை நாள் கூட ஆகாது. யாருக்கும் தெரிந்திருக்காது. மண்தானே, அதே நிறம்தான் இருந்திருக்கும். அவர்கள் தடவவில்லை.

எங்கள் காலத்தில் இருப்பாய்வு, அதுதான் டிரையல் பேலன்ஸ், சில நாள் எவ்வளவு தேடினாலும் ஒத்துப்போகாது. இரண்டு ரூபாய் பத்து பைசா உதைக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டி வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது. அந்த வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். பேரேட்டில் அந்த ஒரு வரி அசிங்கமாகத்தான் தெரியும். என் முதல் மேலாளர் பிளஸ் டூ பையனுக்குச் சொல்கிற மாதிரி எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கருப்பு வெள்ளைச் சதுரங்களைப் பார்த்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது மாடிப் பெண்ணே, அம்மா, எங்கே இருக்கிறாய்? முன்னால் வா. நீ அன்றைக்குக் கேட்டதற்கு நான் ஆமாம் என்றேன். அது தவறு. மேலே உள்ள வானத்தை ரோவர் எடுக்கவில்லை, படம் செய்தவர் நிரப்பினார். நீ கண்டுபிடித்தது சரி. உன் சார்ட்டில் அந்த வரியை அடிக்க வேண்டாம், பக்கத்தில் சின்னதாக எழுதிக்கொள். டீச்சர் கேட்டால் நான் வந்து சொல்கிறேன்.

இப்போது யாராவது அந்த விளக்கை அணையுங்கள். வாட்ச்மேனிடம் சொல்லி வெளி விளக்கையும் ஐந்து நிமிஷம் அணைக்கச் சொல்லுங்கள், திரையில் அடிக்கிறது. முதலில் நீலச் சூரிய அஸ்தமனம். அடுத்து அஞ்சல் அட்டை. மூன்றாவது ஆப்பர்ச்சூனிட்டி. அது வரும்போது சின்னப் பிள்ளைகள் எல்லோரும் திரைக்குப் பக்கத்தில் வந்துவிடுங்கள். கீழே, இடது மூலை. அங்கே எத்தனை சதுரம் நிறமில்லாமல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள், நான் இன்னும் சரியாக எண்ணவில்லை.